சவப்பெட்டிக் கடையில் தொங்கிய சைக்கிள்

எர்மெஸ் வாழைப்பழத்தை முதலில் தோலோடு எடை பார்க்கிறான். பிறகு உரித்துவிட்டு எடை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, சதுக்கத்து மூலையில் வித்தோரினாவின் பாரில், காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் தராசு உட்கார்ந்திருக்கிறது. கழித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்புகிறான். "பாருங்கடா, மூணுல ஒரு பங்கு வெறும் தோலு. இதையும் சுமந்துக்கிட்டு மலையேறணுமாம். எந்தப் புத்திசாலி ஆரம்பிச்சு வச்சான் இதை?" உரித்த பழத்தை வெள்ளித்தாளில் சுற்றி ஜெர்ஸியின் முதுகுப் பையில் வைத்துக்கொள்கிறான். முதல் மேட்டிலேயே அது கூழாகி இடுப்பு வரை வழியும். எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தராசை மடித்து வைத்துவிட்டு, க்ரீம் ரொப்பிய ரொட்டி இரண்டை நிதானமாகச் சாப்பிடுகிறான். அதற்குத் தராசு கிடையாது. கேட்டால், "அது உள்ள போறதுடா. உள்ள போறது வேற கணக்கு" என்பான்.

முழுப்பெயர் எர்மெஸ் போர்தின்யோன். இத்தாலியில், கிராப்பா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சாவுக் காரியங்களை நடத்துகிறவன். சவப்பெட்டி, மலர்வளையம், கறுப்புக் கார், சுவரில் ஒட்டும் மரண அறிவிப்பு எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அப்பா கையால் போகாதவர்கள் அவன் கையால் போயாக வேண்டும். என் உயரம் அவனுக்கு மனப்பாடம். நான் அவன் கடைக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருப்பவன், பெயர் ஓரெஸ்தே. அவன் என் தலையைப் பார்த்துக்கொள்வதற்கு முன்னால் நான் அவன் தலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

தொழிலில் அவனைப்போல ஆள் கிடையாது. அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, கையில் காப்பியைக் கொடுத்து, பெட்டிப் படங்கள் இருக்கும் புத்தகத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிடுவான். இரண்டே இரண்டு பெட்டிதான் காட்டுவான். மூன்றாவதைக் காட்டினால் குடும்பம் சண்டை போடும் என்பது அவன் அனுபவம். பிறகு அந்தக் கேள்வி. "உங்களுக்கு எது பிடிக்குதுன்னு யோசிக்காதீங்க. அவங்களுக்கு எது பிடிச்சிருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்." என் மனைவி க்ளேலியா போனபோது நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காப்பி ஆறுவதற்குள் மரம், கைப்பிடி, உள்துணி எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலில் வந்து நின்று, "வா, வீட்ல உக்காந்து என்னத்தைக் கிழிக்கப் போற?" என்றான். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த மலைதான். வேறொன்றும் இல்லை.

அப்பேர்ப்பட்டவன், தன் சைக்கிளுக்கு ஒரு கியர் செட்டும் ஒரு ஜோடி சக்கரமும் தேர்ந்தெடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் ஊரையே படுத்தி எடுத்தான் என்றால் நம்புவீர்களா?

காரணம் ஒரு கோயில் மணி. எங்கள் கோஷ்டியில் அரைடஜன் பேர். மருந்துக்கடை சில்வானோ, சைக்கிள் கடை நெரேயோ, தச்சுப்பட்டறை அண்ணன் தம்பி இருவர், நான், எர்மெஸ். ஞாயிறுதோறும் காக்கை மலை உச்சியில் இருக்கும் சான் ரோக்கோ கோயில் வரை ஏறுவோம். கடைசியாக வந்து சேருகிறவன் கோயில் மணிக் கயிற்றை இழுத்து அடிக்க வேண்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். கேட்டதும் ஊரில் பெண்கள் பாஸ்தாவுக்கு உலை வைப்பார்கள். நாங்கள் இறங்கி, குளித்து, மேஜைக்கு வரும்போது சரியாக இருக்கும். ஊரில் ஒருவரும் மணி அடிக்கிறது என்று சொல்வதில்லை. "எர்மெஸ் மேல வந்துட்டான், தண்ணி வை" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆமாம், எப்போதும் அவன்தான். அவனுக்கு ஒரே இடம் முன்னால் நான். இதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைக்க விரும்பவில்லை. அவன் காய்ச்சலில் படுக்கும் ஞாயிறுகளில் எனக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும். அதற்கு சில்வானோ மருந்துக் கடையில் இருந்தே சிரிப்பான், சிரிக்கட்டும். ஒருநாள் ஒரு சாவு வீட்டில் எர்மெஸ் கறுப்புக் கோட்டோடு துக்கம் விசாரித்துக்கொண்டு நிற்க, அந்த வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீங்கதானே அந்தப் பாஸ்தா மணி? போன வாரம் ரொம்ப லேட்டாக்கிட்டீங்க. வீட்ல பிள்ளைங்கல்லாம் ரொட்டியைத் தின்னே வயித்தை ரொப்பிக்கிச்சுங்க" என்று கேட்டுவிட்டாள். அவன் நேராக என் கடைக்கு வந்து நாற்காலியில் விழுந்தான். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைடா ஓரெஸ்தே. ஒரே ஒரு தடவை வேற எவனாச்சும் அந்தக் கயித்தை இழுக்கணும். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாக்கணும். அப்புறம் ஆயுசுக்கும் நானே அடிக்கிறேன், போ." கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆனால் தோல்விக்குக் காரணம் கால் என்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாமான்தான் சரியில்ல." அதற்காகத்தான் அந்தப் புது சைக்கிள் ஃபிரேமை வாங்கினான். கார்பன் ஃபிரேம், கத்தரிக்காய் நிறம், ஒற்றை விரலில் தூக்கலாம். வாங்கிய அன்று ஊர் முழுக்க ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான். வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டப் போனபோது அவன் மனைவி லொரேனா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். ஆகவே அது சவப்பெட்டிக் கடையில், ஓக் மரப் பெட்டிக்கும் வால்நட் மரப் பெட்டிக்கும் நடுவே, சக்கரமில்லாமல் கியரில்லாமல் கொக்கியில் தொங்கியது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு விதவை நெஞ்சில் கைவைத்து, "ஐயோ பாவம், யாரோடது? சின்ன வயசா?" என்று கேட்டாள். "இன்னும் ஒண்ணும் முடிவாகலம்மா" என்றான் எர்மெஸ்.

முடிவாகாததுதான் விஷயம். கியர் செட்டில் மூன்று தேசத்துச் சாமான்கள் அவன் மண்டைக்குள் யுத்தம் செய்தன. "நம்மூர்க் கியர் விழுந்தா ஒரு சத்தம் கேக்கும்டா, வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி. ஜப்பான்காரனோடது வெண்ணெய். எப்ப மாறிச்சுன்னே தெரியாது. தெரியாம மாறுறதுக்கு எதுக்குடா காசு குடுக்கணும்? ஆனா வெண்ணெயில்ல! அமெரிக்காக்காரனோடதுல ஒயரே கிடையாது, பொத்தானை அமுக்கினா காத்துலயே சேதி போவுது." மூன்றிலும் இப்போது பாட்டரி வந்துவிட்டது என்றதும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. "நடு மலையில பாட்டரி தீந்துபோச்சுன்னா?" சில்வானோ கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "உனக்கு மூச்சு தீந்தப்புறம்தானேப்பா பாட்டரி தீரும். கவலைப்படாத."

சக்கரம் இன்னும் மோசம். ஆழமான ரிம் போட்டால் சமதரையில் பறக்கும், பக்கக் காற்றடித்தால் இழுத்துத் தள்ளும். மெல்லிய ரிம் போட்டால் மலையில் லேசாக ஏறும், சமதரையில் தூங்கும். எங்கள் பக்கம் காலை வேளையில் பிரெந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று வரும். அது சக்கரத்தை எவ்வளவு தள்ளும் என்று தெரிந்துகொள்ள எர்மெஸ் ஒரு சவப்பெட்டி மூடியை எடுத்துப்போய், ஆற்றுப்பாலத்தின் நடுவில் அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றான். போலீஸ் வண்டி வந்து நின்றது. "உள்ள இருந்தவர் எங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "உள்ள யாரும் இல்லைங்க, காத்து பாக்குறேன்" என்றான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ஓரமா நின்னு பாருங்க" என்று போய்விட்டார்.

இதில் ஒரு சிக்கல், சைக்கிள் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும், ஆனாலும் சொல்கிறேன். பின்சக்கரத்தில் கியரின் பல்சக்கரங்கள் உட்காரும் குடம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒருத்தன் பல்சக்கரம் இன்னொருத்தன் குடத்தில் உட்காராது. "முதல்ல கியரைச் சொல்லு, அதுக்கேத்த சக்கரம் தரேன்" என்பான் நெரேயோ. "சக்கரம் தெரியாம கியரை எப்பிடிடா சொல்றது?" என்பான் எர்மெஸ். "அப்ப சக்கரத்தைச் சொல்லு." "கியரைத் தெரியாமயா?" நெரேயோ நல்ல மனிதன், பொறுமைசாலி. கடைசியில் எர்மெஸின் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்கதவு வழியாகப் போய்த் தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். அந்த வருஷம் அவன் தக்காளி அழுகியே போயிற்று.

எர்மெஸுக்குத் தகவல் சேர்க்க அவன் தொழிலே கைகொடுத்தது. கேட்கவே கூச்சமாக இருக்கும். பெட்டிக்கு அளவெடுக்கும்போது, "அண்ணன் சைக்கிள் ஓட்டுவாரே, என்ன கியர் வச்சிருந்தாரு?" என்று துக்க வீட்டில் விசாரிப்பான். என் காதால் கேட்டேன். வெளியே இழுத்துவந்து, "ஏண்டா, உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன். "ஆராய்ச்சிடா" என்றான். "ஒண்ணு கவனிச்சியா? அமெரிக்கா கியர் போட்டிருந்தவன் ஒருத்தனைக்கூட நான் இன்னும் புதைக்கல." "நம்ம ஊர்ல அமெரிக்கா கியர் வாங்குனவனே கிடையாதேடா!" "அதுவும் ஒரு தகவல்தானே?" என்று தாடையைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

மற்ற சைக்கிள்காரர்கள்போல அவனும் கால் முடியைச் சவரம் செய்துகொள்பவன். அதற்கும் என்னிடம்தான் வருவான். எனக்குத் தெரிந்து, சவரத்துக்குப் பிறகு தரையைக் கூட்டச் சொல்லி, விழுந்த முடியைத் தராசில் வைத்துப் பார்த்தவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான். முள் அசையவே இல்லை. "உன் தராசு கெட்டுப்போச்சு" என்று என்மேல் கோபப்பட்டான். அது அவனுடைய தராசு.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். ஓடவிடாமல் செய்தது செத்துப்போன சுண்ணாம்புச் சூளை ஜெலிந்தோ. நல்ல வயசாகி, தூக்கத்திலேயே போன மனிதர். மரண அறிவிப்பு அச்சடித்து, வழக்கம்போல் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியாயிற்று. காலையில் நான் கடையைத் திறந்தபோது எதிர்ச் சுவருக்கு முன்னால் கூட்டம். போய்ப் பார்த்தேன். கறுப்பு ஓரம், சிலுவை, ஜெலிந்தோவின் படம். கீழே, 'ஆயிரத்து முந்நூற்று எண்பதாவது வயதில் ஆண்டவருள் அமைதி அடைந்தார்' என்று எண்ணில் போட்டிருந்தது. மெல்லிய ரிம் சக்கரம் ஒரு ஜோடியின் எடை அது, கிராமில். அச்சகத்துக்குச் சொல்லும்போது எர்மெஸின் மண்டையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஜெலிந்தோவின் மகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அப்பாவுக்கு வயசானது வாஸ்தவந்தான். ஆனா இவ்வளவு ஆகல" என்றார் மெதுவாக. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ஓடிப்போய்க் கடைக்குள் புகுந்துகொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை. திங்கள் முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. நான் எர்மெஸின் கடையில் உட்கார்ந்திருந்தேன். வால்நட் பெட்டி மூடியின் மேல் கியர் விளம்பரப் புத்தகங்கள், நெரேயோவிடம் இரவல் வாங்கிய சக்கரங்கள், அட்டையில் வெட்டிய ரிம்கள். லொரேனா மலர்வளையத்தோடு உள்ளே வந்தாள். கடைப் பூ வேலை அவளுடையது. ஆள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிராளி பேசமாட்டான். வளையத்தைச் சுவரில் மாட்டினாள். புத்தகங்களை எல்லாம் ஒரே வாரலாக வாரி ஓக் பெட்டிக்குள் போட்டு மூடியைச் சாத்தினாள். எர்மெஸை எழுப்பி, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் கையில் ஒரு காப்பிக் கோப்பையும் கொடுத்தாள்.

"ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லைங்க" என்று ஆரம்பித்தாள். அவனுடைய அதே குரல், அதே இழுப்பு. "எர்மெஸ் போர்தின்யோன் நல்ல மனுஷன். ஊருக்கே உபகாரி. மலையில மட்டும் கடைசி."

"லொரேனா, என்ன விளையாட்டு இது? ஓரெஸ்தே பாக்குறான்."

"துக்கத்துக்கு வந்தவங்க பாக்கத்தான் செய்வாங்க. காப்பி குடிங்க." இரண்டு விரலை நீட்டினாள். "கியர்ல ரெண்டுதான் வச்சிருக்கோம். நம்மூர்து, ஜப்பான். மூணாவது கிடையாது. உங்களுக்கு எது பிடிக்குதுன்னு யோசிக்காதீங்க. அவருக்கு எது பிடிச்சிருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

எர்மெஸ் காப்பியைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"நம்மூர்து" என்றான். "சத்தம் கேக்குமில்ல. அவருக்கு அந்தச் சத்தம்னா உசுரு."

"சக்கரம்? ஆழமா, லேசா?"

"லேசு. பாவம், அந்த மனுஷன் மலை ஏறணும்னுதானே ஆசைப்பட்டாரு."

"போட்டுக்கலாம்" என்று சொல்லி லொரேனா எழுந்தாள். எர்மெஸ் நெரேயோவுக்குப் போன் செய்தான். நெரேயோ எடுக்கவில்லை, தோட்டத்தில் இருந்திருப்பான். லொரேனாவே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "நல்லா வாழ்ந்தாருல்ல" என்றான் எர்மெஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நெரேயோ சாமான்களை மாட்டிச் சைக்கிளைப் பூட்டி முடித்தான். எங்கள் ஊரில் புதிதாக எதை வாங்கினாலும் நனைத்தாக வேண்டும். வாங்கியவன் எல்லாருக்கும் ஊற்ற வேண்டும், சாமானின் மேலும் ஒரு சொட்டு விழ வேண்டும். வித்தோரினாவின் பாரில் எர்மெஸ் புரோசெக்கோ ஒயின் பாட்டில்களைத் திறந்தான். முன்சக்கரத்தில் ஒரு சொட்டு விட்டான், உடனே துணியால் துடைத்தான், ஈரத்தோடு எடை கூடிவிடுமாம். சில்வானோ என் தோளில் கைபோட்டான். "ஓரெஸ்தே, இனிமே உன் பாடுதான் திண்டாட்டம். கயிறு இழுத்துப் பழகிக்க."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஏற்கெனவே இரண்டு கோப்பை உள்ளே போயிருந்தது. நாற்காலிமேல் ஏறி நின்றேன். "எல்லாரும் கேட்டுக்குங்கடா! அந்த மணிக் கயித்தை நான் ஒரு தடவை தொட்டாப் போதும். மறுநாளே சைக்கிளை வித்துட்டு, ஊர்க் கோயில் பின்னாடி கிழவனுங்களோட சேந்து உருண்டை உருட்டி விளையாடப் போயிடுவேன். வித்தோரினா சாட்சி!" பார் முழுக்கக் கைதட்டல். வித்தோரினா பாட்டிலைத் தூக்கிச் சாட்சி சொன்னாள். எர்மெஸ் மட்டும் தட்டவில்லை. குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துணியோடு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

திராட்சை பறித்து முடிந்த ஞாயிறு வந்தது. முந்தின நாள் என் மச்சான் வீட்டில் பறிப்பு விருந்து. வாத்துக்கறி போட்ட பாஸ்தா, அதற்குமேல் புது ஒயின், அதற்குமேல் இன்னொரு தட்டு. காரணம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சாமான்மேல் பழி போடுகிற ஆள் நான் இல்லை. வாத்துமேல் போடுகிறேன், அவ்வளவுதான்.

மலை அடிவாரத்தில் எர்மெஸ் வாழைப்பழமே எடுத்துவரவில்லை என்பதைக் கவனித்தேன். முதல் மேட்டில் வழக்கம்போல் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள், நான் ஐந்தாவது, எர்மெஸ் எனக்குப் பின்னால். பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கியர் மாறும் சத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாழ்ப்பாள். வளைவுக்கு வளைவு அது நெருங்கிக்கொண்டே வந்தது. மாட்டுத் தண்ணீர்த்தொட்டி இருக்கும் வளைவில் கத்தரிக்காய் நிறம் என் முழங்கைக்குப் பக்கத்தில் தெரிந்தது.

"மூச்சை விடுறா ஓரெஸ்தே. புடிச்சு வச்சுக்காத" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கவலையோடு சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு பெடலில் எழுந்து நின்று, என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சாலை காலி. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மலையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. கால் இரண்டும் ஊறப்போட்ட துணியாகக் கனத்தது. சைக்கிளை விற்க வேண்டும். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றாவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் என் சவப்பெட்டிவரை சொல்லிச் சிரிப்பார்கள். விற்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? க்ளேலியாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேர்வையில் யாருக்கும் தெரியாது.

கடைசி வளைவைத் திரும்பினேன். கோயில் மதில் தெரிந்தது; மதிலில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் தெரிந்தார்கள். அவர்களுக்குக் கூப்பிடு தூரத்துக்கு இந்தப்பக்கம், சாலை ஓரத்தில், எர்மெஸ் இறங்கி நின்றுகொண்டிருந்தான். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டு, பிணத்துக்கு அளவெடுக்கும் முகத்தோடு பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றேன், மூச்சுக்கு நடுவில்.

"குதிக்குதுடா. கியர் விழ மாட்டேங்குது." தலையை நிமிர்த்தவில்லை. "ஜப்பான்காரனோடது வாங்கிருக்கணும். நான் அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?"

செயினைப் பார்த்தேன். பல்சக்கரத்தில் அது பல்லுக்குப் பல் சுத்தமாக உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நின்றிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நிற்கவில்லை. குனிந்து மிதித்து, அவனைத் தாண்டி, மதிலைத் தொட்டேன். தச்சுப்பட்டறைத் தம்பி என் முதுகில் ஓங்கி அறைந்தான். "தப்பிச்சுட்டியே கிழவா!" சில்வானோ சாலையைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான். "என்னப்பா எர்மெஸ், பாட்டரி தீந்துடுச்சா?" நெரேயோ மட்டும் தன் கையால் பூட்டிய சைக்கிளையும், பிறகு என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

எர்மெஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். அதை மதிலில் சாய்த்தான். "சிரிங்கடா, நல்லா சிரிங்க. கால்ல ஒண்ணுமில்ல. சாமான்" என்றான். பிறகு முதுகுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி கோயில் வாசலில் நின்று, கையைத் துடைக்க ஆரம்பித்தான். உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். ஒரு பொட்டுக் கிரீஸ்கூட இல்லாத, பளிச்சென்ற வெள்ளைக் கை. திருப்தியாகும்வரை துடைத்துவிட்டு, துணியை மடித்து வைத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தான்.